ராகலையில், தோட்டத்தில், காம்பராவில்

ஆங்கிலத்தில் ஓர் இடத்தைப் பற்றிப் பேச முற்படுகிறவர், அந்த இடத்தின் பெயரை உச்சரிப்பதற்கு முன்பே, அதைத் தாம் எவ்வாறு பார்க்கிறார் என்பதைத் தெரிவித்துவிட வேண்டியிருக்கிறது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று உறவைக் காட்டும் சிறு சொற்களைத் தமிழில் முன்னிடைச்சொற்கள் எனலாம். அவற்றுள் ‘இன்’, ‘ஒன்’, ‘அட்’ என்னும் மூன்றும் இடத்தைக் குறிக்கும் வேலையில் பெரும்பங்கைத் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. ஒருத்தி ராகலையில் வாழ்கிறாள், ராகலையில் பஸ் மாறுகிறாள், தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறாள் என்று தமிழில் சொன்னால் மூன்றிலும் ‘இல்’ என்ற ஒரே உருபுதான் வருகிறது. அதே மூன்று செய்திகளை ஆங்கிலத்தில் சொல்ல, முதலாவதற்கு ‘இன்’ என்பதையும், இரண்டாவதற்கு ‘அட்’ என்பதையும், மூன்றாவதற்கு ‘ஒன்’ என்பதையும் தேட நேர்கிறது. தேடிக் கிடைக்காத பிள்ளையின் விடைத்தாளில் சிவப்புக் கோடு விழுகிறது.

ராகலை என்பது நுவரெலியாவிலிருந்து கந்தப்பளையைக் கடந்து செல்லும் வீதியில், வலப்பனைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள், தேயிலை மலைகளுக்கு நடுவே அமைந்த சிறிய கடைவீதி. சென் லெனாட்ஸ், லிடெஸ்டேல், ஹைபொரஸ்ட் எனத் தொலைதூர நாட்டின் ஊர்ப்பெயர்களையும் ஆங்கிலச் சொற்களையும் தாங்கிய தோட்டங்கள் அதைச் சூழ்ந்திருக்கின்றன. இங்கே வளரும் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது, கடைவீதியிலும் பஸ்ஸிலும் சிங்களம் கேட்கிறது, மூன்றாம் தரத்திலிருந்து ஆங்கிலத்தை ஒரு பாடமாகக் கற்கிறது. சிங்களம் இந்த விடயத்தில் அதற்குக் கைகொடுப்பதில்லை. ‘வத்த’ என்ற தோட்டம் ‘வத்தே’ என்று ஈற்றில் சிறு மாற்றம் பெற்றதும் ‘தோட்டத்தில்’ என்றாகிவிடுகிறது, உள்ளேயா மேலேயா புள்ளியிலா என்ற கேள்வி அங்கும் எழுவதில்லை. ஆகவே இரு மொழிகளை அறிந்த பிள்ளைக்கும் ஆங்கிலத்தின் இந்த முப்பிரிவு முற்றிலும் புதிய நிலமாகவே இருக்கிறது.

இதைக் கொண்டு தமிழில் இடம் குறிக்கும் வளம் குறைவு என்று எண்ணுவது பிழை. தமிழ் இலக்கணம் இடப்பொருளுக்கென்றே ஏழாம் வேற்றுமையை வகுத்தது. வேற்றுமை என்பது பெயர்ச்சொல்லின் பொருளை வேறுபடுத்தும் ஈற்றுருபு. ஏழாவதற்குத் தலைமையானது ‘கண்’ என்று கொண்ட தொல்காப்பியர், உள், அகம், புறம், மேல், கீழ், முன், பின், அயல் முதலியவற்றோடு சேர்த்துப் பத்தொன்பது சொற்களை அதன் கீழ் அடுக்கினார். பல நூற்றாண்டுகள் கழித்து வந்த நன்னூல் அவற்றை இருபத்தெட்டாக விரித்து, இன்று எல்லோரும் வழங்கும் ‘இல்’ என்பதையும் அந்த வரிசையில் வைத்தது. மேசைக்கு மேல், மேசைக்கு அடியில், மேசைக்கு அருகில், மேசைக்குள் என்று எவ்வளவு நுட்பமாக வேண்டுமானாலும் தமிழால் சொல்ல முடியும். வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது. மொழிகள் எவற்றைச் சொல்ல இயலும் என்பதில் பிரிவதைவிட, எவற்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்பதில்தான் பிரிகின்றன என்று மொழியியலாளர் ரோமன் யாக்கொப்சன் 1959 இல் எழுதிய மொழிபெயர்ப்புப் பற்றிய கட்டுரையில் விளக்கினார். தமிழ் தேவைப்படும்போது மட்டும் நுட்பத்தைக் கேட்கிறது. தேவையில்லாதபோது ‘இல்’ என்று பொதுவாகச் சொல்லி நகர அனுமதிக்கிறது. ஆங்கிலம் அந்த அனுமதியைத் தருவதில்லை. தமிழ் கட்டாயமாகக் கேட்கும் வேறுபாடு ஒன்று உண்டு: இடத்தைக் குறிக்க ‘இல்’, ஆளைக் குறிக்க ‘இடம்’. பாடசாலையில் இருக்கும் புத்தகம் வேறு, ஆசிரியரிடம் இருக்கும் புத்தகம் வேறு. உயிருள்ளவரை ஓர் இடமாக நடத்தத் தமிழ் சம்மதிப்பதில்லை. தன் மொழி எதைக் கேட்கிறது என்பதைப் பிள்ளை முதலில் கவனித்தால், பிறமொழி கேட்பதைப் புரிந்துகொள்வது எளிதாகிறது. பாடநூல்களின் இலக்கணப் பகுதி இந்த வழியைத் தொடுவதே இல்லை என்பது பெரும் குறை.

ஆங்கிலம் இடத்தை மூன்று வகையாகப் பார்க்கிறது. எல்லையுள்ள ஒன்றாக, உள்ளே வெளியே என்று பிரிக்கத்தக்கதாகப் பார்க்கும்போது ‘இன்’ வருகிறது: நாடு, மாவட்டம், ஊர், அறை, பெட்டி. பரப்பாகவோ கோடாகவோ, ஒன்று மற்றொன்றைத் தாங்கி நிற்பதாகவோ பார்க்கும்போது ‘ஒன்’ வருகிறது: தரை, சுவர், ஆற்றங்கரை, எல்லைக்கோடு. நீளம் அகலம் எதையும் எண்ணாமல் வெறும் புள்ளியாக, வந்து சேரும் அல்லது கடந்து போகும் ஒரு குறியாகப் பார்க்கும்போது ‘அட்’ வருகிறது: சந்தி, தரிப்பிடம், வாசல், கதவிலக்கம். ஆகவே ஓர் இடத்துக்கு ஒரு முன்னிடைச்சொல் என்று மனப்பாடம் செய்வது பயன்தராது. ஒரே இடம் பேசுகிறவரின் நோக்கத்துக்கேற்ப மூன்றையும் ஏற்கக்கூடும்.

ராகலையின் பழைய ரயில் பாதை இதற்கு நல்ல சான்று. நானுஓயாவில் பிரதான பாதையிலிருந்து பிரிந்து, நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலை வரை 2 அடி 6 அங்குல அகலத்தில் ஒரு குறுகிய பாதை இருந்தது. தேயிலைப் பெட்டிகளைக் கீழே கொண்டுசெல்வதையும் அரிசியையும் உரத்தையும் மேலே ஏற்றுவதையும் எண்ணி 1903, 1904 ஆண்டுகளில் திறக்கப்பட்ட அந்தப் பாதை, வீதிப் போக்குவரத்தோடு போட்டியிட முடியாமல் 1940 களில் மூடப்பட்டது. அந்த வண்டியில் வந்த பயணியை ஆங்கிலத்தில் விவரிக்க முனைந்தால், அவர் நானுஓயாவில் வண்டி மாறியதைச் சொல்ல ‘அட்’ வேண்டும், ஏனெனில் அங்கே நானுஓயா பயணக் கோட்டில் ஒரு புள்ளி மட்டுமே. அதே நானுஓயாவில் ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக வாழ்கிறது என்றால் ‘இன்’ வரும், ஏனெனில் இப்போது அது தெருவும் வீடும் கோயிலும் கொண்ட ஊர். நானுஓயாவும் நுவரெலியாவும் ஒரே பாதையில் இருந்தன என்று சொல்ல ‘ஒன்’ வரும், ஏனெனில் இரண்டும் ஒரு கோட்டின் மேல் கோக்கப்பட்டவை. ஊர் மாறவில்லை, பார்வை மூன்று முறை மாறியது. இந்த ஓர் எடுத்துக்காட்டை விரித்துப் படிக்கும் மாணவிக்கு, கோடிட்ட இடத்தை நிரப்பும் நூறு பயிற்சிகள் தருவதைவிட அதிகமான தெளிவு கிடைக்கும்.

பெரிய இடத்துக்கு ‘இன்’, சிறிய இடத்துக்கு ‘அட்’ என்ற விதி இன்றும் பல வகுப்பறைகளில் கரும்பலகையில் எழுதப்படுகிறது. அது முழுக்க ஆதாரமற்றதன்று; பழைய ஆங்கில இலக்கண நூல்கள் அவ்வாறுதான் கற்பித்தன, பெரிய இடங்களை ஒருவர் பெரும்பாலும் உள்ளிருந்து நினைக்கிறார், சிறியவற்றைத் தொலைவிலிருந்து புள்ளியாக நினைக்கிறார் என்பதே அதன் அடிப்படை. ஆனால் அளவு காரணமன்று, தொலைவுதான் காரணம். கொழும்பிலோ லண்டனிலோ இருந்துகொண்டு மலைநாட்டைப் பற்றி எழுதியவருக்கு ராகலை ஒரு வரைபடப் புள்ளி. அவர் ‘அட்’ என்று எழுதியதில் இலக்கணப் பிழை இல்லை. ராகலையில் பிறந்து வளர்ந்த பிள்ளை தன் ஊரைப் பற்றி எழுதும்போதும், ஊர் சிறியது என்ற ஒரே காரணத்துக்காக ‘அட்’ எழுதப் பணிக்கப்படுவது தவறு. தன் ஊரை உள்ளிருந்து பார்க்கும் உரிமை அதற்கு உண்டு. அந்தப் பார்வைக்குரிய சொல் ‘இன்’.

வாகனங்களிலும் வீதிகளிலும் வரும் சிக்கல்களை அதிகம் விரிக்க வேண்டியதில்லை. எழுந்து நடமாடக்கூடிய, பலர் ஏறி இறங்கும் வாகனத்துக்கு ‘ஒன்’ என்றும், புகுந்து அமரும் சிறு வாகனத்துக்கு ‘இன்’ என்றும் கொள்வதால், ராகலை பஸ்ஸுக்கு முன்னதும் முச்சக்கரவண்டிக்குப் பின்னதும் பொருந்தும். தெருவுக்கு ‘இன்’ என்பது பிரித்தானிய வழக்கு, ‘ஒன்’ என்பது அமெரிக்க வழக்கு. இலங்கையின் பாடநூல்கள் முன்னதைப் பின்பற்றி வந்தாலும் தொலைக்காட்சியும் கைபேசியும் பின்னதைக் கொண்டுவந்துவிட்டன, இரண்டையும் ஏற்பதே நியாயம். வீட்டுக்குப் போகிறேன் என்பதில் உள்ள ‘கு’ உருபை ‘டு’ என்று பெயர்த்து ‘ஹோம்’ என்ற சொல்லுக்கு முன்னால் வைப்பது தமிழ்ப் பிள்ளைகள் பலரும் செய்யும் பிழை. அந்தச் சொல் இங்கே, அங்கே என்பவற்றைப் போல வினையடையாக நிற்பதால் அதற்கு முன்னிடைச்சொல் வேண்டாம் என்று ஒருமுறை விளக்கினால் போதும்.

அதிகம் விரிக்க வேண்டியது மலைநாட்டுத் தமிழின் உயரக் கணக்கு. சமவெளித் தமிழில் திசைகள் கிழக்கும் மேற்குமாக இருக்க, தோட்டத் தமிழில் இடங்கள் பெரும்பாலும் மேலும் கீழுமாகவே சுட்டப்படுகின்றன. டிவிஷன் என்ற தோட்டப் பிரிவைத் தோட்ட மக்கள் கணக்கு என்பர். அது மேக்கணக்கு, கீக்கணக்கு, நடுக்கணக்கு என்று உயரத்தால் பெயர் பெறுகிறது. லயம் என்பது வரிசையாகக் கட்டப்பட்ட தொழிலாளர் குடியிருப்பு. அது மேட்டு லயமாகவோ பணிய லயமாகவோ இருக்கும். பணிய என்பது கீழே என்பதற்கான மலைநாட்டுச் சொல். பணிந்த இடம் தாழ்ந்த இடம் என்ற பழைய பொருளை அது இன்னும் அப்படியே வைத்திருக்கிறது. காலையில் பெரட்டுக்களத்தில், அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் முற்றத்தில், ஆட்களைப் பிரித்து அனுப்பும்போது இன்ன இலக்க மலைக்குப் போகும்படி சொல்லப்படுகிறது. அங்கே மலை என்பது தேயிலை நிற்கும் நிலத்துண்டு, சிகரம் அன்று. இதை அறியாமல் அகராதியைப் பார்த்து மொழிபெயர்க்கும் பிள்ளை, தன் தாய் தினமும் மலையேறப் போகிறாள் என்று ஆங்கிலத்தில் எழுதிவிடுகிறது.

உயரத்தை மொழியின் அச்சாகக் கொள்வது மலைநாட்டுக்கு மட்டும் உரியதன்று. மெக்சிகோவின் சியாப்பாஸ் மலைப்பகுதியில் தெனெஹாப்பா என்னும் ஊரில் ட்செல்தால் என்ற மாயா மொழியைப் பேசுவோர், சமதளத்தில் வைக்கப்பட்ட பொருள்களைக்கூட மேட்டுப்பக்கம், தாழ்வுப்பக்கம் என்று நிலத்தின் சாய்வைக் கொண்டு சுட்டுவதை பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகிய ஆய்வாளர்கள் விரிவாகப் பதிவுசெய்தனர். தமிழ்நாட்டில் ஆய்வுசெய்த எரிக் பீடர்சன், நகரத்தவர் இடம் வலம் என்று சொல்லும் இடத்தில் கிராமத்தவர் வடக்கு தெற்கு என்று சொல்வதைக் கண்டார். ஒரே தமிழுக்குள்ளேயே வாழும் நிலம் இடச்சொல்லை மாற்றுகிறது என்பதற்கு அது சான்று. தோட்டத் தமிழின் மேட்டும் பணியவும் அந்தச் சான்றோடு சேர்க்கத்தக்கவை. அதற்கும் மேலாக, இந்த உயரக் கணக்கு ஆங்கிலத்திலும் இருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர் முன்னிடைச்சொல்லுக்கு முன்னால் ‘அப்’ அல்லது ‘டவுன்’ என்ற உயரச் சொல்லைச் சேர்த்து, மேலே பங்களாவில், கீழே கடைவீதியில் என்பதற்கு ஒத்த தொடர்களை இயல்பாக வழங்குகிறார். சமவெளிப் பிள்ளைக்குப் புத்தகத்திலிருந்து வரவேண்டிய இந்தப் பழக்கம் ராகலைப் பிள்ளையின் நாவில் ஏற்கெனவே இருக்கிறது. மேட்டு லயத்திலிருந்து பணிய ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போகும் வழியை முதலில் தமிழில் சொல்லச் செய்து, அந்த வழியின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஆங்கிலச் சொல்லைத் தேடச் செய்யும் ஆசிரியர், பிள்ளையின் அறிவிலிருந்து பாடத்தைத் தொடங்குகிறார். ஒரு லண்டன் பூங்காவின் படத்தை வைத்துத் தொடங்கும் பாடம் பிள்ளைக்குத் தெரிந்த அனைத்தையும் வகுப்பறை வாசலில் விட்டுவரச் செய்கிறது.

இனித் தோட்டம் என்ற சொல்லுக்கு முன்னால் வரும் ‘ஒன்’. தோட்டத்தில் வாழ்வோர், தோட்டத்தில் வேலை செய்வோர் என்ற தொடர்களை ஆங்கிலேயர் காலத்து அறிக்கைகள் ‘ஒன்’ கொண்டே எழுதின. தொழிலாளர் தொடர்பான 1889 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கச் சட்டமும், குறைந்தபட்சச் சம்பளத்துக்கான 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டமும் பிறந்த காலம் முழுவதும் அதுவே நிலைபெற்ற வழக்கு. பண்ணை, பெருந்தோட்டம் போன்றவற்றை ஆங்கிலம் ஏக்கரில் அளக்கும் நிலப்பரப்பாகக் காண்பதால் அங்கே ‘ஒன்’ வருகிறது; ஊரையும் கிராமத்தையும் எல்லையுள்ள குடியிருப்பாகக் காண்பதால் அங்கே ‘இன்’ வருகிறது. இதில் இழிவு ஒன்றும் இல்லை என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். பங்களாவில் வாழ்ந்த துரையும் அதே ‘ஒன்’ கொண்டே குறிக்கப்பட்டார். இங்கிலாந்தில் மாநகர சபை கட்டிய வீட்டுத் தொகுதிகளில் வாழ்வோரும் தங்களை அவ்வாறே சொல்லிக்கொள்கின்றனர். ஒரு முன்னிடைச்சொல்லைப் பிடித்து அடக்குமுறையின் வரலாற்றை அதிலிருந்து உருவியெடுப்பது ஆய்வாகாது.

ஆயினும் அந்தச் சொல் நிலைமையோடு பொருந்தி நின்ற விதம் கவனிக்கத்தக்கது. ஆங்கிலத்தில் ‘இன்’ என்பதற்கு எதிர்ச்சொல் வெளியே என்பது. ‘ஒன்’ என்பதற்கு எதிர்ச்சொல் ‘ஒஃப்’, அதாவது மேலிருந்து அகற்றப்படுதல். தோட்டத்தில் வீடு வேலையோடு கட்டப்பட்டிருந்தது. தோட்ட மக்கள் பத்துச்சீட்டு என்று அழைத்த வேலைநீக்கச் சீட்டைப் பெற்ற தொழிலாளி வேலையை இழந்ததோடு காம்பராவையும், அதாவது லயத்தின் ஒற்றை அறையையும், இழந்தார். சட்டியும் பானையும் பிள்ளைகளும் அன்றே வீதிக்கு வந்தன. கடனைக் குறித்த துண்டு ஒருவரை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் சீட்டாக 1921 இல் ஒழிக்கப்படும்வரை வழங்கியது. நிலத்தின் மேல் வைக்கப்பட்டு, நிலத்தின் மேலிருந்து எடுக்கப்படக்கூடிய மக்களாக அவர்கள் நடத்தப்பட்டனர். முன்னிடைச்சொல் அந்த நடத்தையை உண்டாக்கவில்லை, ஆனால் அதை உள்ளபடி சொன்னது.

இந்தப் பின்னணியில் சி. வி. வேலுப்பிள்ளையின் ஒரு தெரிவு முக்கியமாகிறது. வட்டகொடைக்கு அருகே மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவுசெய்யப்பட்ட அவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். அவருடைய நீண்ட ஆங்கிலக் கவிதையின் தலைப்பு ‘இன் சிலோன்ஸ் டீ கார்டன்’. எஸ்டேட் என்ற நிருவாகச் சொல்லை விலக்கி, வேலியும் உள்ளும் கொண்ட கார்டன் என்ற சொல்லை எடுத்ததனால், ‘ஒன்’ விலகி ‘இன்’ வந்து அமர்ந்தது. மக்களை நிலத்தின் மேல் நிற்கும் தொகையாகக் காட்டிய ஆங்கிலத்தில், அவர்களை அந்த நிலத்துக்குள் வாழ்ந்து மடிந்தவர்களாகக் காட்ட அவருக்கு இந்தச் சொல்லிணை தேவைப்பட்டிருக்க வேண்டும். சக்தீ பாலையா அதைத் தமிழாக்கியபோது ‘தேயிலைத் தோட்டத்திலே’ என்று தலைப்பிட்டார். தமிழின் ‘இலே’ அந்த உள்ளிருப்பை எந்தப் போராட்டமும் இன்றித் தந்துவிட்டது. ஆங்கிலப் பாடத்தில் முன்னிடைச்சொற்களைக் கற்பிக்க மலையகத்தில் இதைவிடப் பொருத்தமான தலைப்பு வேறில்லை.

‘இன்’ என்ற சொல்லும் எப்போதும் கருணையோடு நடந்துகொண்டதில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இலங்கையில் பிறந்தவர் என்ற தகுதியைப் போதாதென்று ஆக்கியது. பரம்பரைப் பிரசையாக ஏற்கப்பட, சட்டம் நடைமுறைக்கு வருமுன் நாட்டில் பிறந்த ஒருவர் தம் தந்தையும் இலங்கையில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இலங்கையில் பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டியிருந்தது. ஒருவர் இங்கே பிறந்தார் என்பதை ஊரே அறியும். அவருடைய தந்தை எங்கே பிறந்தார் என்பதைக் காட்டும் காகிதம் லயத்தில் இருப்பதில்லை. ‘இன்’ என்ற ஈரெழுத்துச் சொல் தலைமுறை தாண்டி நிரூபிக்கப்பட வேண்டிய ஒன்றாக மாறியதால் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர்; 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை அந்தக் காயம் முழுதாக ஆறவில்லை. அதற்குள் ராகலையைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் இரு நாட்டு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பெயரால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டுவிட்டன.

கிராமம் என்ற சொல்லும் இப்படியே சட்டத்தின் எடையைத் தாங்கி வந்தது. இலங்கையின் குடிசன மதிப்பீடு நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறைகளாகப் பிரிக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாத, பத்துப் பேருக்குக் குறையாத தொழிலாளர் குடியிருக்கும் நிலம் தோட்டம். தோட்டத்தில் இருப்பவர் இந்தக் கணக்கின்படி கிராமத்தில் இருப்பவர் அல்லர். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக நின்றது. வாக்களித்து உறுப்பினரைத் தெரிவுசெய்த மக்கள், தங்கள் லயத்துக்குச் செல்லும் பாதையைச் செப்பனிட அதே உறுப்பினரைக் கேட்க முடியாதிருந்தனர். வரைபடத்தில் தோட்டம் சபை எல்லைக்குள் இருந்தது, வரவுசெலவில் அதற்கு வெளியே இருந்தது. 2018 இல் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டம் பெருந்தோட்டப் பிராந்தியத்தில் புதிய கிராமங்களை உருவாக்க ஓர் அதிகார சபையை நிறுவியது. 7 பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டமும் இதே காலத்தில் நடைபெற்றது. கிராமம் என்ற பெயர் உண்மையில் நிலைபெறும் இடங்களில், அங்கே வாழும் பிள்ளையின் ஆங்கில வாக்கியத்தில் ‘ஒன்’ இருந்த இடத்துக்கு ‘இன்’ தானாகவே வந்து சேரும். சட்டத்தின் பெயர் மாற்றம் காணி உறுதியாகக் கையில் வந்து சேராத இடங்களில் அந்த மாற்றம் காகிதத்தில் மட்டுமே நிற்கிறது, அத்தகைய இடங்கள் இன்றும் பல.

மூன்றாவது சொல்லான ‘அட்’ தான் இங்கே எல்லாவற்றிலும் கடினமானது. தன்னைப் பற்றி எழுதுக என்ற எளிய பயிற்சியில், நாட்டுக்கும் மாவட்டத்துக்கும் ஊருக்கும் ‘இன்’ இட்டு, தோட்டத்துக்கு ‘ஒன்’ இட்டு வந்த பிள்ளை, கடைசியில் முகவரிக்கு ‘அட்’ இட வேண்டிய இடத்துக்கு வருகிறது. ‘அட்’ ஒரு புள்ளியைக் கேட்கும் சொல். முகவரியில் அந்தப் புள்ளி கதவிலக்கமும் தெருவும். கொழும்புப் பிள்ளை யோசிக்காமல் எழுதும் அந்த வரியில் லயத்துப் பிள்ளைக்கு எழுத எதுவும் இல்லை. சுமார் 10 அடிக்கு 12 அடி அளவான காம்பராக்கள் முதுகோடு முதுகாக வரிசையில் நிற்கின்றன. தோட்ட அலுவலகத்தின் பேரேட்டில் லயத்துக்கும் காம்பராவுக்கும் இலக்கம் இருந்தாலும், தபாற்காரர் அந்த இலக்கத்தைத் தேடி வருவதில்லை. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வந்து, அலுவலகத்தில் தங்கி, யாரேனும் கையில் கொடுத்தனுப்பும் நாளில் வீடு சேர்கிறது. நேர்முகத் தேர்வின் அழைப்பும், வங்கியின் கடிதமும், பரீட்சை அனுமதி அட்டையும் காலம் கடந்து கிடைத்தன என்ற முறைப்பாடு மலையகத்தில் பழகிப்போன ஒன்று. தேசிய அடையாள அட்டையில் ஒரே தோட்டத்தின் பெயரை நூற்றுக்கணக்கானோர் முகவரியாகச் சுமக்கின்றனர்.

இந்த இடத்தில் ஆங்கில ஆசிரியரின் வேலை மாறுகிறது. ‘அட்’ என்பதன் பயன்பாட்டைக் கற்பிக்கக் கற்பனையான ஒரு தெருவும் இலக்கமும் தந்து பிள்ளையைப் பொய் எழுதப் பழக்குவதைவிட, ராகலையில் உண்மையாகப் புள்ளிகளாக இருக்கும் இடங்களைக் கொண்டு பழக்குவது நேர்மையானது: பஸ் தரிப்பிடம், பெரட்டுக்களம், கொழுந்து நிறுக்கும் இடம், பிள்ளைக்காம்பரா என்னும் குழந்தைப் பராமரிப்பு நிலையத்தின் வாசல், கோயில் முன்றல், பாடசாலை. ஒரு பிள்ளையின் நாள் இந்தப் புள்ளிகளுக்கு இடையே ஓடுகிறது, தன் நாளை விவரிக்கும்போது ‘அட்’ ஆறேழு முறை இயல்பாக வந்துவிடும். முகவரி வரியைப் பொறுத்தவரை, கதவுக்கு இலக்கமும் அந்த இலக்கத்துக்குத் தபாலும் வரச் செய்ய வேண்டியவர்கள் தோட்ட நிருவாகமும் பிரதேச சபையும் தபால் திணைக்களமும். அவர்கள் அதைச் செய்து முடிக்கும்வரை, ‘தோட்டத்தில்’ என்பதற்கு ‘ஒன்’ எழுதினாலும் ‘இன்’ எழுதினாலும், தோட்டத்தின் பெயரோடு முகவரியை நிறுத்திக்கொள்ளும் ராகலைப் பிள்ளையின் விடைக்கு முழுப் புள்ளியும் வழங்கப்பட வேண்டும்.